சம்பளம் வாங்காத பயிற்றுவிப்பாளர்கள்

கொழும்பில் சுகததாச, கெத்தாராமையில் பிரேமதாச, யாழ்ப்பாணத்தில் துரையப்பா. நம் நாட்டு விளையாட்டரங்குகள் அரசியலில் இருந்தவர்களின் பெயரைத் தாங்கியே பழகிவிட்டன. மட்டக்களப்பு வேறு மாதிரி. இந்த நகரத்துப் பிரதான மைதானத்துக்கு ஒரு பாதிரியாரின் பெயர். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்து, 1947இல் இயேசு சபைக் குருவாக இங்கே வந்து, நம் பிள்ளைகளை ஓடவும் பாயவும் பந்தெறியவும் பழக்கிய ஹரல்ட் வெபர் அடிகளார் அவர். 1998இல் காலமானார். வெபர் மைதானம் என்ற பெயரை இன்று வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் விளக்கம் கேட்காமலே சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் என்ன வேலை பார்த்தார், அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள் என்பதுதான் இந்த வாரம் என் கேள்வி.

வெபர் அடிகளார் வந்து ஓராண்டில் இன்னொருவர் வந்தார். லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் ஊரில் 1923இல் பிறந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார். 1948இல் இலங்கைக்கு வந்தவர், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். புளியந்தீவில் உள்ள புனித மிக்கேல் கல்லூரியைக் கூடைப்பந்தாட்டத்தில் நாடறியச் செய்தவர்களில் முதலிடம் அவருக்கே. அகில இலங்கைப் பாடசாலைகளுக்கு இடையே மிக்கேல் கல்லூரி பல தடவை கிண்ணம் வென்றதும், அங்கே பந்து தட்டிய பொடியன்கள் தேசிய அணிச் சட்டை போட்டதும் அந்தப் பயிற்சியின் பலன். பிற்காலத்தில் இயேசு சபையின் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருந்து தச்சும் இரும்பொட்டும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. மட்டக்களப்புக் கூடைப்பந்தாட்டத்தின் வரலாற்றை அந்தத் திகதிக்கு முன், அந்தத் திகதிக்குப் பின் என்று பிரித்துத்தான் நான் பார்க்கிறேன்.

கூடைப்பந்தாட்டமே குளிர்தேசத்துப் பிள்ளை. 1891 டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், பனியால் வெளியே போக முடியாத மாணவர்களை மண்டபத்துக்குள் ஆடவைக்க வழி தேடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடை இரண்டை மண்டபத்து மேல்மாடத்தில் பொருத்தினார். அவர் ஒன்ராறியோவில் பிறந்த கனேடியர். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பு, 1875 மார்ச் 3ஆம் திகதி, மொன்றியலில் கூரையின் கீழ் முதல் முறையான ஐஸ் ஹொக்கி ஆட்டம் நடந்தது. ஒரே குளிர் பெற்ற இரண்டு விளையாட்டுகளில் ஒன்று கனடாவின் உயிராக அங்கேயே தங்கியது. மற்றது கப்பலேறி, மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்பின் வெயிலில் வேர் பிடித்தது. இன்று ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் நம் உறவுகளின் பிள்ளைகள் சறுக்குச் சப்பாத்து கட்டிப் பனித்தளத்தில் இறங்குகிறார்கள். அந்த நாட்டில் ஒரு பயிற்றுவிப்பாளர் எப்படி உருவாகிறார் என்பதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஸ்கொட்டி போமன் 1933இல் மொன்றியலுக்கு அருகே பிறந்தவர். இளையோர் அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 1952இல், தலையில் பட்ட அடியால் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வட அமெரிக்காவின் உச்ச லீக்கான தேசிய ஹொக்கி லீக்கில் அவர் ஓர் ஆட்டம்கூட வீரராக ஆடியதில்லை. பகலில் வண்ணப்பூச்சு நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே சிறுவர்களைப் பழக்கத் தொடங்கினார். பிறகு இளையோர் அணிகள், 1967இல் சென்ட் லூயிஸ், அங்கிருந்து மொன்றியல். 1973 முதல் 2002 வரை மூன்று வெவ்வேறு அணிகளுடன் தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஒன்பது தடவை அந்த லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம். அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறு எவரும் எட்டவில்லை.

ஜோன் கூப்பரின் கதை இன்னும் வியப்பு. மிச்சிகன் மாநிலத்தில் சட்டத்தரணியாக இருந்தவர். ஒரு நீதிபதி கேட்டுக்கொண்டதற்காக உயர்நிலைப் பாடசாலை அணியொன்றைப் பழக்கப் போனார். பாடசாலையிலிருந்து இளையோர் லீக், அதிலிருந்து இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக், அங்கே 2012இல் கிண்ணம். 2013இல் தம்பா பே அணி அவரை அழைத்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கிண்ணம் அந்த அணிக்கு. இதற்கு எதிர்ப்புறம் வெய்ன் கிரெட்ஸ்கியை வையுங்கள். ஐஸ் ஹொக்கி கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர், 894 கோல் போட்டவர். 2005 முதல் 2009 வரை நான்கு பருவம் பீனிக்ஸ் அணியைப் பயிற்றுவித்தார். ஒருதடவைகூட அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை.

பெரிய வீரர் நல்ல பயிற்றுவிப்பாளராக மாட்டார் என்று இதிலிருந்து விதி வகுக்க நான் வரவில்லை. போமனுக்கும் கூப்பருக்கும் கால் வைக்கப் படிகள் இருந்தன. பாடசாலை அணியைப் பழக்கினால் ஊதியம், அங்கே நன்றாகச் செய்தால் இளையோர் லீக், அதற்கு மேல் தொழில்முறை அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளர், காணொளி பார்த்து அலசுபவர், கோல் காப்பாளருக்கென்றே ஒரு பயிற்றுவிப்பாளர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை, ஒரு சம்பளம். தோற்றால் வேலையும் போகும், உண்மைதான். ஆனால் ஒரு சட்டத்தரணி தன் தொழிலை விட்டுவிட்டு இதில் இறங்கத் துணியும் அளவுக்கு இதுவும் ஒரு தொழில்.

மட்டக்களப்பில் அப்படிப் படிகள் எப்போதும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் நாம் வென்றோம். எப்படி? பயிற்றுவிப்பாளருக்கான செலவை நாம் செலுத்தவில்லை; இயேசு சபை செலுத்தியது. வெபர் அடிகளாருக்கும் ஹெபர்ட் அடிகளாருக்கும் குடும்பம் இல்லை. சோறும் படுக்கையும் சபையின் பொறுப்பு. மாலை நேர வகுப்பு எடுத்து வீட்டுச் செலவைச் சமாளிக்க வேண்டிய நிலை இல்லை. இடமாற்றக் கடிதம் வந்து மூன்றாம் ஆண்டு மூட்டை கட்ட வேண்டியதும் இல்லை. பள்ளி விட்டதும் மைதானம், மறுநாளும் மைதானம், அடுத்த ஆண்டும் அதே மைதானம். ஆறாம் வகுப்பில் பந்தைத் தொட்ட பையனை உயர்தர வகுப்பு முடியும்வரை ஒரே கண் பார்த்துக்கொண்டிருந்தது. உலகின் எந்தப் பணக்காரக் கழகமும் விலை கொடுத்து வாங்க விரும்பும் தொடர்ச்சி அது. நமக்கு அது தானமாகக் கிடைத்தது. தானத்துக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஆகவே அது நின்றபோது எவ்வளவு பெறுமதியானதை இழந்தோம் என்று கணக்கிடவும் நம்மிடம் ஒரு தாள் இல்லை.

யுத்தம் அந்த இழப்பைப் பன்மடங்காக்கியது. கூடைப்பந்தாட்டப் பயிற்சி மாலையில் நடப்பது. மாலையில் பிள்ளை வீடு திரும்பாவிட்டால் தாய் வாசலில் நின்று அழுத காலத்தில் யார் பயிற்சிக்கு அனுப்புவார்கள்? ஆடிப் பழகிய அண்ணன்மார் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வயதில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

இன்னொரு கதவும் அடைபட்டது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இலங்கையில் கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டுக்காரர் எப்படிப் பிழைக்கிறார்? ஒன்றில் இராணுவம், கடற்படை, விமானப்படை அணி. அல்லது கொழும்பில் வணிக நிறுவனமொன்றின் அணி. சீருடையோ வங்கி மேசையோ, அதுதான் நம் நாட்டில் தொழில்முறை விளையாட்டுக்கு மாற்றாக இருக்கும் ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் அப்படித்தான் நிலைத்தார். ஏறக்குறைய ஆறடி பத்தங்குல உயரம், வங்கி அணியில் இடம், பின் அவுஸ்திரேலியாவிலும் ஆட்டம். 2009, 2018, 2022 ஆண்டுகளில் ஆசிய வெற்றிக் கிண்ணத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த அணிகளில் அவர் இருந்தார். அவருடைய திறமைக்கு ஈடில்லை. ஆனால் அந்தத் திறமை தங்கி வளர ஒரு சம்பளப் பட்டியலும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. யுத்த காலத்து மட்டக்களப்புத் தமிழ்ப் பையனுக்கு முப்படை அணி என்ற வழி நடைமுறையில் இல்லை. வங்கி அணிக்குக் கொழும்பில் தங்க வேண்டும்; சோதனைச்சாவடிகளின் காலத்தில் அதுவும் எளிதில்லை. பத்தொன்பது வயதோடு ஆட்டம் முடிந்தது. ஆட்டமே முடிந்தவர் பயிற்றுவிப்பாளராக வளர்வது எங்கே?

பயிற்றுவிப்பாளர் இல்லாத இந்த இடைவெளி ஆடுதளத்தில் தெரிகிறது. நம் பிள்ளைகளின் வேகம் குறையவில்லை. எதிரணிக் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து மறுமுனைக்கு ஓடுவதில் இன்றும் கிழக்குப் பையன்களுக்குத் தனிச் சூடு இருக்கிறது. சிக்கல் வேகம் தணியும்போது வருகிறது. எதிரணி நிதானமாகி, வளையத்தைச் சுற்றி வலயத் தடுப்பு அமைத்து நின்றதும் நம் ஐவரும் பந்தை வெளியே சுற்றிச் சுற்றிக் கைமாற்றுகிறார்கள். எறிவதற்கான 24 விநாடி ஓடுகிறது. கடைசியில் யாரோ ஒருவர் நெருக்கடியில் எறிகிறார். அந்தத் தடுப்பை உடைக்க மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, 6.75 மீற்றருக்கு அப்பால் நின்று, அலட்டிக்கொள்ளாமல் எறியும் கை வேண்டும். உயரம் குறைந்த அணிக்கு அந்தக் கோடு ஒரு வரம். 2010இல் கோடு பின்னுக்குத் தள்ளப்பட்ட பிறகும் அது வரம்தான். எறியும் கையை உருவாக்க உடற்கட்டு தேவையில்லை. ஆயிரக்கணக்கான எறிதலும், ஒவ்வொரு எறிதலிலும் முழங்கை விலகுகிறதா, கால் முந்துகிறதா என்று பார்த்துத் திருத்த ஒருவரும் தேவை. வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறவரால் இது முடியாது. போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு நடத்தும் அவசரப் பயிற்சியாலும் முடியாது.

மூன்றாம் கால் பகுதியில் அணி தளர்வதும் இதே நோய். ஐஸ் ஹொக்கியில் ஒரு வரிசை ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஆடிவிட்டு வெளியேறும், அடுத்த வரிசை உள்ளே பாயும். நான்கு வரிசைகளையும் பழக்கி வைத்திருப்பதில்தான் அங்கே பயிற்றுவிப்பாளரின் கெட்டித்தனம். கூடைப்பந்தாட்டத்திலும் ஆள் மாற்றத்துக்குத் தடையில்லை. ஆனால் நம் பாடசாலை அணிகள் முதல் ஐவரையே நம்பி நிற்கின்றன. இருக்கையில் இருக்கும் ஏழாவது எட்டாவது பையனுக்கு ஆட்டமே பழக்கப்படவில்லை. ஐவரைப் பழக்க ஆர்வம் போதும். பன்னிருவரைப் பழக்க முழுநேர ஆள் வேண்டும்.

இப்போது இந்த வேலையைச் செய்பவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களும் விளையாட்டு உத்தியோகத்தர்களும். மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒரு உத்தியோகத்தர் கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், கபடி, மெய்வல்லுநர் போட்டி எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். ஆசிரியருக்கு மெய்வல்லுநர் போட்டி, அணிநடை, இல்ல விளையாட்டு என்று ஆண்டு முழுக்கப் பாரம். நல்லவராக அமைந்தால் இடமாற்றம் வேறு. சொந்தக் காசில் பெற்றோல் ஊற்றி வந்து பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்கள் வாவியின் இருகரையிலும் இருக்கிறார்கள். அவர்களை வெபர் அடிகளாரின் வாரிசுகள் என்று மேடையில் புகழ்கிறோம். குடும்பம் வைத்திருக்கும் மனிதரிடம் துறவியின் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. கட்டடம் தந்திருக்கிறீர்கள், மின்விளக்கு தந்திருக்கிறீர்கள், நன்றி. அடுத்து ஒரு மனிதருக்குச் சம்பளம் தாருங்கள். பட்டதாரி ஆசிரியருக்குக் கிடைப்பதற்குக் குறையாத தொகை, ஆறு ஆண்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம், முதல் இரண்டு ஆண்டு கிண்ணத்தைப் பற்றி அவரிடம் கேட்கக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை அவரிடம் விடுங்கள். ஆண்களுக்கு ஒருவர் என்றால் வின்சன்ட், சிசிலியா ஆகிய நகரத்து மகளிர் பாடசாலைகளின் பெண்களுக்கும் ஒருவர். அங்கே பெண் பயிற்றுவிப்பாளராக இருந்தால் பெற்றோர் மாலைப் பயிற்சிக்குத் தயங்காமல் அனுப்புவார்கள். படுவான்கரைப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்குப் பஸ் கட்டணமும் அந்தக் கணக்கிலேயே சேரட்டும். பயிற்றுவிப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை கொழும்புக்கோ சென்னைக்கோ போய்ப் புதிதாகக் கற்றுவரச் செலவு ஒதுக்குங்கள். அவருக்குக் கீழே இருபது வயதுப் பையன் ஒருவனை உதவியாளராக, சிறிய ஊதியத்தோடு வையுங்கள். ஆறு ஆண்டு முடிந்ததும் தலைமைப் பொறுப்பேற்க ஏறாவூரிலோ கல்லடியிலோ ஒருவர் தயாராக இருப்பார். இதற்கான பணத்தை யார் சேர்ப்பது, யார் கணக்குக் காட்டுவது என்று பேச அடுத்த பழைய மாணவர் பொதுக்கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பருவப் போட்டிகள் தொடங்குமுன் கூடிப் பேசலாம்.