சாம்பல் மண்ணின் ஒயின்: சாண்டோரினியின் மூன்று மரபுகள்

ஏஜியன் கடலில் உள்ள கிரேக்கத் தீவான சாண்டோரினியை, சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை சாம்பலாலும் நுரைக்கல்லாலும் மூடியது. அந்த மண்ணில் களிமண் இல்லாததால் பைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி அங்கே பிழைப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பூச்சி அது. பெரும்பாலான நாடுகளில் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டி வளர்க்கும் திராட்சை, இங்கே சொந்த வேரில் நிற்கிறது. மழை அரிது, கடலிலிருந்து இரவில் ஏறிவரும் மூடுபனிதான் ஈரம். பலத்த காற்றுக்கும் வெயிலுக்கும் தப்ப, உழவர்கள் கொடியைத் தரையோடு கூடையாகப் பின்னிவிடுவார்கள். குலூரா எனப்படும் அந்தக் கூடைக்குள் குலைகள் பழுக்கும்.

ரகங்களில் தலையாயது அசிர்டிகோ. நன்றாகப் பழுத்த பின்னும் அதன் புளிப்பு இறங்குவதில்லை. அத்திரி மென்மையையும், ஐடானி பூமணத்தையும் சேர்க்கும்.

இவற்றிலிருந்து மூன்று மரபுகள் கிளைத்தன. முதலாவது நிக்டேரி. பறித்த பழத்தை அன்றிரவே பிழிவது பழைய வழக்கம். முற்றப் பழுத்த குலைகள், மரப்பீப்பாயில் குறைந்தது 3 மாத வாசம், அதனால் வரும் கனம் ஆகியவை இதன் அடையாளம். இரண்டாவது வின்சாண்டோ. பழத்தை இரண்டு வாரம் வரை வெயிலில் உலர்த்திப் பிழிந்து, குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் முதிரவிடுவார்கள். அசிர்டிகோ 51 விழுக்காடாவது இருக்கவேண்டும் என்பது விதி. மூன்றாவது, எஃகுத் தொட்டியில் குளிர்நிலையில் நொதிக்கவைக்கும் உலர் வெள்ளை ஒயின். 1980களின் இறுதியிலிருந்து வேரூன்றிய இம்முறை, அசிர்டிகோவின் கூர்மையை மூடாமல் காட்டுகிறது.

1971-இல் இத்தீவின் ஒயினுக்குப் பிறப்பிடப் பாதுகாப்புக் கிடைத்தது. ஏட்டிலுள்ள விதிகளைவிட நான் மதிக்கும் உரைகல் ஒன்று உண்டு: மூன்று மரபிலும் புளிப்பு நிமிர்ந்து நிற்கவேண்டும். வின்சாண்டோவின் தேன்போன்ற இனிப்பு திகட்டாதிருப்பதும், நிக்டேரியின் கனம் மந்தமாகாதிருப்பதும் அதனால்தான்.

இம்மூன்று மரபுகளுக்கு அப்பால், இத்தீவில் அழியும் நிலையிலிருந்த மவ்ரோட்ராகனோ என்னும் சிவப்பு ரகத்தை, 1990களில் பாரிஸ் சிகாலாஸ், ஹரிடிமோஸ் ஹட்ஸிடாகிஸ் ஆகியோர் தம் சிறு ஒயின்கூடங்களில் மீட்டெடுத்தனர். நாட்டு ரகத்தைக் காப்பதற்குப் பெரிய ஆலை தேவையில்லை, பொறுமையான கைகள் போதும் என்பதற்கு அது சான்று.

இன்று விடுதிகளும் வீடுகளும் தோட்டங்களை நெருக்குகின்றன. சாம்பல் மண்ணில் விளைச்சலும் சொற்பம். ஆகவே நிலத்தை விற்பதே உழவருக்கு லாபமாகத் தோன்றுகிறது. புட்டியின் பெயரைக் காக்கும் அதே கண்டிப்போடு கொடி நிற்கும் நிலத்தையும் காக்கவேண்டும். பழத்துக்கு உழவர் வாழும்படியான விலையும் தரவேண்டும்.