குனிந்து பார்க்க ஒரு நகரம்

நவராத்திரிக்கு மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் சுண்டலுக்குப் போனால் கொலுப்படிகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கொஞ்சம் குனியுங்கள். பக்கத்தில் தரையில் வீட்டுப் பையன்கள் ஒரு 'பார்க்' கட்டியிருப்பார்கள். மண் பரப்பி, கேழ்வரகு தூவி, தண்ணீர் தெளித்தால் சில நாளில் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடிதான் தெப்பக்குளம்.

மேல்நாட்டில் பெரியவர்களே இப்படி மேஜைமேல் குட்டி நகரம் கட்டி, பொம்மை வீரர்களை நகர்த்தி, கதையோடு யுத்தம் ஆடுகிறார்கள். இதற்கு ஒரு முன்னோடி, ஹெச்.ஜி.வெல்ஸ். தன் பையன்களுடன் தரையில் நகரம் கட்டி விளையாடியதை 1911-ல் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்று எழுதினார். பொம்மைப் போருக்கு விதிகள் 1913-ல், 'லிட்டில் வார்ஸ்'. அவர்கள் கட்டியது எப்போதும் இரட்டை நகரம். ஏன் தெரியுமா? ரெண்டு பேருக்கு மேயர் ஆகணும்!

அந்தச் சண்டைதான் சார் நகரத்துக்கு உயிர்.

இப்போது வடக்கு மாட வீதியில் கிரிக்கெட் செட், கல்யாண செட் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பவுலர் ஒன்பது நாளும் பந்தைப் போடுவதில்லை. தீம் கொலுக்களில் கபாலி கோவிலின் 120 அடி கோபுரம் தெர்மோகோலில் அச்சு அசலாக நிற்கிறது. கீழே பூக்காரம்மா, செருப்பைத் தேடுகிறவர், மீட்டருக்கு மேல் கேட்கும் ஆட்டோக்காரர், ஒருத்தரையும் காணோம்.

பழைய பார்க்கில் அளவு உதைக்கும்தான். போலீஸ்காரர் கோயிலைவிட உயரம், பஸ்ஸைவிட வாத்து பெரிசு. போகட்டும். அந்தப் போலீஸ்காரர் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். செட் வாங்கின வீட்டில் விலையைச் சொல்வார்கள். மண்ணில் கட்டின பையன் கால் மணி நேரம் கதை சொல்வான். மறுநாள் போனால் வாத்து இடம் மாறியிருக்கும்.