புலமை மகளிரும் அவர்தம் திருவுருவமும்

யப்பான் நாட்டு மரவச்சு ஓவியர் தம் பெண்பாற் புலவரை வரையப் புகுந்தவிடத்து, எழுத்துக்குரிய கருவிகளைப் பெரும்பாலும் மறந்தாரல்லர். கெஞ்சி கதை இயற்றிய முராசாகி சிக்கிபு, இஷியாமாக் கோயிலிலே, ஏரிமீது நிலவெழத் தாளும் தூரிகையுமாக அமர்ந்திருப்பார். ஒனோ நோ கொமாச்சி, தம் பாட்டு இரவற் பாட்டென்ற பழியை நீக்க ஏட்டை நீரிற் கழுவுவார். பகைவன் புதிதாய்ச் செருகிய எழுத்து மட்டும் கரைந்தோடும். நம் கலைஞர் நம் புலமை மகளிர்க்குக் கொடுத்தவை யாவை? ஔவைக்குக் கோல், ஆண்டாளுக்குக் கிளியும் மாலையும், காரைக்காலம்மையார்க்குத் தாளம். ஏடு கலைமகள் கையோடு பெரிதும் நின்றுவிட்டது. நவராத்திரிதோறும் அவ்வேட்டின் முன் நம் மாணவியர் கைகூப்புகின்றனர். மானிடப் பெண்ணொருத்தி எழுதும் படத்தை அவர்க்குக் காட்டவோ நாம் தேடியலைய வேண்டும்.

அக்காலப் புலமை பாடுதலேயன்றி எழுதுதலன்று எனச் சிலர் விடை பகர்வர். அம்மையார் திறத்தில் அவ்விடை ஓரளவு பொருந்தும். பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளிற் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையிலே விளங்கும் அம்மையாரின் செப்புத் திருமேனியைக் காண்க. என்பு தோன்ற, மார்பு வற்றி, கையிலே தாளத்துடன் அமர்ந்திருக்கும் அவ்வுருவின் முகத்திலே துயரில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் இன்பமே உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்திலும், கடல்கடந்து கம்போச நாட்டுப் பந்தே சிரேயிலும் ஆடும் இறைவன் அருகே இவ்வுருவமே உள்ளது. இவ்வுருவைச் சிற்பி தன் கற்பனையாற் படைத்தானல்லன். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்திலே, வற்றிய மார்பும் புடைத்த நரம்புமுடைய பேயை அம்மையார் தாமே பாடித் தம்மைக் காரைக்காற் பேய் என முத்திரையிட்டார். ஆதலின் இத்திருமேனி, புலவர் தாமே சொல்லிச் செய்வித்த உருவம் என்பது என் துணிபு.

கொமாச்சியின் முதுமை இத்தகையதன்று. யோசித்தோசி 1885 முதல் 1892 வரை வெளியிட்ட நூறு நிலவுப் படங்களுள் ஒன்றில், அழகழிந்த அம்மூதாட்டி தனித்திருக்கின்றார். காதலரை வருத்திய செருக்குக்கு அதனைத் தண்டமாக்கிற்று பிற்காலக் கதை. அம்மையார் தம் உடற்றசையை வேண்டாவென உதறிப் பேய்வடிவை வரமாகக் கேட்டார் என்பது சேக்கிழார் வாக்கு. முதுமையொன்றே, ஒருவர்க்கு அது பிறர் இட்டது, மற்றவர்க்குத் தாம் கொண்டது.

ஔவையார் திறத்தில் என் மனம் அமைதியுறவில்லை. இளமையை வெறுத்து முதுமை வேண்டினார் என்ற கதையை அம்மையார் வரலாற்றின் நிழலாகவே கருதுகிறேன். 1953இல் வெளிவந்த திரைப்படத்திலே கே. பி. சுந்தராம்பாள் அம்முதுமைக்குக் குரலும் முகமும் தந்தபின், வேறோர் ஔவையை எண்ணுதலும் அரிதாயிற்று. சுந்தராம்பாளின் பாட்டைக் குறைகூறுவேனல்லேன், அது ஒப்பற்றது. ஆயின் சங்கத் தொகைகளிலே 59 பாடல்கட்கு உரியவரும், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவருமாகிய ஔவையார் யாண்டுளர்? புறநானூற்றுப் பாட்டொன்றிலே, அணிகலன் பூண்ட, மையுண்ட கண்ணும் ஒளிநுதலும் உடைய விறலியே என விளித்து, உம் நாட்டிலே பொருவாரும் உளரோ என்று வேந்தன் வினவுகின்றான். விறலி அஞ்சாது விடை பகர்கின்றாள். அவ்விறலியின் வாயிலாகப் பேசியவர் ஔவையார். யான் கண்ட நாட்காட்டிப் படங்களுள் ஒன்றிலேனும் அந்த முகம் இல்லை.