பெயர் வந்தவர்களும் வராதவர்களும்: போர்க்காலச் சபைப் பத்திரிகைகளை வாசிப்பது பற்றி

இங்கிலாந்தில் 'பாரிஷ் மாகஸின்' என்று சொல்லப்படும் பழைய சபைப் பத்திரிகைகள் இன்று வம்சாவளி தேடுகிறவர்களின் கைக்குப் போய்விட்டன. ஓர் ஊர், ஒரு கோயில், அதற்கொரு குருவானவர். அவர் மாதாமாதம் அச்சடித்து விற்ற சில பக்கங்கள். அதில் தாத்தா பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் மூடி வைத்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போகிறார்கள். இந்த இரண்டாவது காரியம்தான் எனக்குப் பிரச்சினையாகப் படுகிறது. ஒரு பெயர் ஏன் இல்லை என்று கேட்காத வாசிப்பு, அந்தப் பட்டியலைப் போட்ட அதிகாரத்தோடு சமரசம் செய்துகொண்ட வாசிப்பு என்பதே என் கருத்து.

1859 ஜனவரியில் டார்பி நகரில் ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்ற குருவானவர் தொடங்கியதை இந்த வடிவத்தின் முன்னோடி என்பார்கள். நடுவில், எல்லா ஊருக்கும் பொதுவாக எங்கோ அச்சான பக்கங்கள்: கதை, உபதேசம், படம். 1871இல் தொடங்கிய 'ஹோம் வேர்ட்ஸ்' இப்படித்தான் நாடெங்கும் போனது. அதைச் சுற்றி உள்ளூர்த் தாள்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், காணிக்கைக் கணக்கு, கசாப்புக்கடை விளம்பரம். ஆக ஒரே தைப்புக்குள் இரண்டு பிரதிகள். நடுவில் பேசுவது சாம்ராஜ்யம். ஊர் பேசுவது வெளித்தாளில். வருஷக் கடைசியில் பைண்டு பண்ணும்போது பல இடங்களில் கிழித்துப் போட்டது இந்த வெளித்தாளைத்தான்!

இவற்றுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1914–18 போரில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் எரிந்துபோயின. அரசு பாதுகாத்தது சாம்பலாயிற்று. சபையின் மரப்பெட்டியில் கிடந்தது பிழைத்தது. ஒரு பண்ணையாள் மகன் எந்தப் படைப்பிரிவில் இருந்தான், எப்போது காயம்பட்டான் என்பதற்குப் பல ஊர்களில் சபைப் பத்திரிகைதான் சாட்சி.

2

நினைவுக்கல்லையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல் முடிவை மட்டும் சொல்கிறது. பத்திரிகை மாதாமாதம் வருவதால் காத்திருப்பையும் வைத்திருக்கிறது. ஒரு மாதம் 'காயம்' என்று வரும் பெயர், அடுத்த மாதம் 'காணவில்லை' என்று வரும். பிறகு பல மாதம் ஒன்றுமே வராது. அப்புறம் ஒரு நாள் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்'. அந்த ஒன்றுமே வராத மாதங்களில் ஒரு தாய் என்ன பண்ணிக்கொண்டிருந்தாள்? கல்லில் அதற்கு இடமில்லை. பத்திரிகையிலும் அது எழுதப்படவில்லைதான்; ஆனால் அந்த இடைவெளியின் நீளத்தை அங்கே எண்ணிப் பார்க்க முடிகிறது.

'கௌரவப் பட்டியல்' என்று ஒன்று போர் தொடங்கியதுமே வரத் தொடங்கியது. பட்டாளத்தில் சேர்ந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்பது சட்டம். சட்டம் அப்படி, ஆனால் கோயில் வாசலில் கையில் கொடுக்கப்படும் தாளில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் இருக்கிறது, உன் பெயர் இல்லை என்றால் அது என்ன விருப்பம்? கௌரவப் பட்டியலே அவமானப் பட்டியலாகவும் வேலை செய்தது. அச்சாகாத பெயர்களை ஊரே வாசித்தது. எனவே ஒருவன் பெயர் எந்த மாதத்தில் முதலில் வருகிறது என்று குறித்துக்கொள்ளாமல் 'தாத்தா நாட்டுக்காக ஓடிப்போய்ச் சேர்ந்தார்' என்று எழுதுவது வரலாறில்லை, குடும்பப் பெருமை.

போர்முனைக் கடிதங்களை எல்லோரும் ஆசையாக எடுத்துப் போடுகிறார்கள். அவை இரண்டு கத்தரிகளைத் தாண்டி வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. சிப்பாயின் கடிதத்தை முதலில் அவனுடைய அதிகாரி படித்தார். பிறகு எதைப் போடலாம் என்று குருவானவர் முடிவு செய்தார். அச்சான கடிதங்களில் நிறைய, ஊரிலிருந்து போன காலுறைக்கும் சிகரெட்டுக்கும் நன்றி சொல்பவை. கடிதம் என்பதைவிட ரசீது என்பதே பொருத்தம். சேற்றையும் எலியையும் பற்றி நாலு வரி தப்பி வந்திருந்தால் அது நம் அதிர்ஷ்டம்.

இனி மௌனங்கள். முதல் உலகப் போரில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும், இவை போன்ற சில குற்றங்களுக்காகவும் தம் ராணுவத்தாலேயே சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006இல். தொண்ணூறு வருஷம்! ஊர் நினைவுக்கல்லிலேயே பெயர் மறுக்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் சுமார் 16,000 பேர். அவர்களை விசாரித்த மன்றங்களின் தாள்களில் பெரும்பாலானவற்றைப் போருக்குப் பிறகு அரசே அழிக்கச் சொல்லிவிட்டது. 'கொல்லாதிருப்பாயாக' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவனுக்குச் சபைப் பத்திரிகையில் என்ன இடம் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்களோ புருஷன் பெயருக்கு முன்னால் ஒரு 'மிஸஸ்' ஆகக் காணிக்கைப் பட்டியலில் வருகிறார்கள். மெதடிஸ்ட் வீட்டுப் பையனைத் தேடுகிறவன் ஆங்கிலிக்கன் சபையின் பத்திரிகையில் தேடிப் பயனில்லை. அவன் வேறு மந்தை.

ரணஜித் குஹா காலனிய அதிகாரிகளின் அறிக்கைகளை அவற்றின் போக்குக்கு எதிராக வாசித்து விவசாயிகளின் கலகத்தை மீட்டார். இங்கேயும் வழி அதுதான். பட்டாளத்தில் சேர்ந்தோர் பட்டியலையும் செத்தவர் பட்டியலையும் திரும்பி வந்தோருக்கு விருந்து வைத்த செய்தியையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். மூன்றில் ஒன்றில் வந்து மற்றதில் நழுவிப்போகும் பெயரிலிருந்து ஆராய்ச்சி தொடங்குகிறது. அது குற்றச்சாட்டு அல்ல, கேள்வி. அவன் வேறு ஊருக்குக் குடிபோயிருக்கலாம். ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூடத் தினக்குறிப்பு, உள்ளூர் செய்தித்தாள் என்று போய்த்தான் பதில் தேட வேண்டும். இப்போது பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். பெயரைத் தட்டினால் பக்கம் வருகிறது. வசதிதான். ஆனால் இல்லாத பெயரை எந்தத் தேடுபொறியும் காட்டாது.

3

வெள்ளைக்காரன் தாத்தாவைத் தேடினால் நமக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சயாம் – பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர் 1942–43இல் கொண்டுபோன நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். செத்தவர்கள் 12,000க்கு மேல். அந்த முகாம்களில் கைதிகளின் அதிகாரிகள் ஒளித்து ஒளித்துப் பட்டியல் எழுதினார்கள். புதைத்த இடத்தைக் குறித்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் செத்த ஆசியத் தொழிலாளிகள் – மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் – சுமார் 90,000 என்பது மதிப்பீடு. பெயர்? கிடையாது. எங்கள் வீட்டிலும் 'சயாமுக்குப் போனவரு' என்று ஒரு பெரியப்பா உண்டு. அவ்வளவுதான் தகவல். திவசம் கொடுக்கத் தேதி கூடத் தெரியாது.

வித்தியாசம் சாவில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஒருவனுக்காகப் பெயர் எழுத ராணுவம் இருந்தது, அவன் ஊரில் குருவானவர் இருந்தார், அச்சகம் இருந்தது. இன்னொருவன் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு கூலி. அவன் கும்பிட்ட மாரியம்மன் கோயிலுக்கு மாதப் பத்திரிகை கிடையாது.

ஆனால் நம்மிடமும் சபைப் பத்திரிகைகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' 1841லேயே வந்தது. நெல்லையில் 'நற்போதகம்' 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. இலக்கிய வரலாற்றுக்காரர்கள் இவற்றில் உரைநடையைத் தேடுவார்கள்; சபை வரலாற்றுக்காரர்கள் மிஷனரியைத் தேடுவார்கள். பட்டாளத்துக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களை, திரும்பாதவர்களை, அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடி இந்தப் பக்கங்களை வாசிக்கிற வேலை நம்முடையது. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் நம்முடையவை. காணிக்கைப் பட்டியலில் யார் பெயர் முன்னால், எந்தத் தெருவுக்குப் பட்டியலே இல்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நண்பர்கள் செய்யக்கூடியது இது: உங்கள் ஊர்ச் சபையின் பீரோவில் 1939 முதல் 1947 வரையான இதழ்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அட்டை, விளம்பரம், கணக்கு எதையும் விடாமல் படமெடுங்கள். எந்த மாதத்து இதழ் இல்லை என்பதையும் எழுதி வையுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டியலில் இடம் பெறாத தெருவில் இருக்கிற கிழவிகளிடம் வாசித்துக் காட்டுங்கள். 'இதுல நம்மாளு ஒருத்தனையும் காணோமே' என்று அவர்கள் சொல்லத் தொடங்குகிற இடத்தில் குறிப்பேட்டைத் திறந்துகொள்ளுங்கள்.