தமிழில் இருந்தும் விளங்காத அறிவிப்பு

முதுகுன்றம் என்னும் பழம்பெயரே வடமொழியில் விருத்தாசலம் ஆயிற்று. பொருள் ஒன்றே; ஆயினும் பின்னதைக் கேட்போருக்குக் குன்று கண்முன் தோன்றுவதில்லை. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற அவ்வூரை முன்னிறுத்தி, பொது அறிவிப்புகளின் மொழிநடையை இங்கு ஆராய விழைகிறோம்.

தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 108ஆம் பிரிவில் விதித்தது. நல்ல விதி. ஆனால் தமிழாய் இருப்பது வேறு, விளங்குவது வேறு. 'சிலிக்கா துகள்களின் உட்சுவாசம் தவிர்க்கப்படுதல் வேண்டும்' என்னும் வாசகத்தைக் கொள்வோம். நாம் மாதிரிக்கு அமைத்ததுதான். அலுவலகத் தமிழோடு பழகியவர் இதன் சாயலை அறிவர். யார் தவிர்ப்பது? எப்படி? வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆங்கிலச் செயப்பாட்டுவினை தமிழ் எழுத்தில் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே.

பீங்கான் கலவையில் சேரும் குவார்ட்சுப் பொடியின் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிக்கோசிஸ் எனும் அந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை. ஆகவே, 'உலர்ந்த தூசியைப் பெருக்காதீர்கள். தரையை நனைத்துத் துடையுங்கள். முகத்தில் கட்டும் துணி இந்தத் தூசியைத் தடுக்காது' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? சட்ட நுட்பம் கெடும் என்பர். நுட்பம் மூலச் சட்டத்தில் இருக்கட்டும். சுவரில் தொங்குவதோ மண் அரைப்பவர் படிப்பதற்கானது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், உள்ளூர் மொழியையும் அவ்வட்டாரத்தில் பயன்தரும் முறையையும் கருதியே தகவலைப் பரப்பச் சொல்கிறது. அறிவிப்பை ஒட்டுமுன் சூளையருகே நிற்பவரிடம் ஒருமுறை படித்துக் காட்டலாம். அவர் திருப்பிக் கேட்கும் இடத்தில் சொல்லை மாற்றலாம்.