‘சைக்கிளில்’ அல்ல, ‘சைக்கிளோடு’: டெர்வ்லா மர்ஃபியும் நம்ம மலைத் திட்டங்களும்

டெர்வ்லா மர்ஃபியின் ‘ஃபுல் டில்ட்’ 1965-இல் வெளிவந்த புத்தகம். 1963 ஜனவரியில், ஐரோப்பா உறைந்து கிடந்த குளிரில் கிளம்பி, யுகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அந்த ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்த ஒரு ஐரிஷ் பெண்ணின் நாட்குறிப்பு. சைக்கிள் பயண நூல்களில் எல்லோரும் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

இது முழு மதிப்புரை இல்லை. நாகர்கோவில் பக்கம் விடிகாலையில் சைக்கிள் மிதிக்கிற தம்பிமார் சிலர் மணாலி–லே பாதைக்குத் திட்டம் போடுறாங்க. “அண்ணே, வாசிக்க ஏதாவது புக் சொல்லுங்க”ன்னு கேட்கும்போது இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி வாசிக்கச் சொல்லணும் என்பதுதான் என் கேள்வி.

வழக்கமான வாசிப்பு இது: தனியாக ஒரு பெண், இடுப்பில் ஒரு சின்னத் துப்பாக்கி, யுகோஸ்லாவியாவில் ஓநாய், ஆப்கானிஸ்தானில் விலா எலும்பு முறிவு, ஆனாலும் ஊர் போய்ச் சேர்ந்தாள். ஆக, துணிச்சல் இருந்தால் போதும். இந்த வாசிப்பு தப்பு என்று நினைக்கிறேன். அதற்குப் புத்தகமே சாட்சி.

பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்தவை ஒரு சைக்கிளும் ஒரு பழைய அட்லஸும். இந்தியாவுக்கு மிதித்துப் போகலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். கிளம்பியது 31 வயதில். இடையில் படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதாவது அந்த யோசனை இருபது வருஷம் ஊறியிருக்கு. கிளம்பும் முன் உதிரி டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைக்கிறார். ‘ராஸ்’ என்று பெயரிட்ட தன் சைக்கிளிலிருந்து மூணு கியர் அமைப்பைக் கழற்றி விடுகிறார். ஆசியச் சாலையில் அது தாங்காது என்பது அவர் கணக்கு. எது உடைந்தால் வழியில் சரிசெய்ய முடியாதோ அதைக் கொண்டுபோகாதே என்பது துணிச்சல் இல்லை, பொறியியல்.

ஆனால் புத்தகத்தின் வடிவம் இதை மறைக்குது. ஊரில் இருந்த நண்பர்களுக்குத் தவணை தவணையாக அனுப்பிய நாட்குறிப்பு என்பதால், வாசகர் பார்ப்பது அன்றன்று நடந்ததை மட்டும். தயாரிப்பு முன்பகுதியிலேயே முடிந்துவிடும். மீதியெல்லாம் சாகசமாகத் தெரியும். நல்ல மென்பொருளில் பின்னால் ஓடும் சர்வர் யார் கண்ணிலும் படாதது மாதிரி.

இரண்டாவது விஷயம் தலைப்பு. துணைத்தலைப்பில் மர்ஃபி, அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குச் ‘சைக்கிளில்’ என்று சொல்லவில்லை. ‘சைக்கிளோடு’ என்றே சொல்கிறார். இந்த வேற்றுமை உருபில்தான் மொத்தத் திட்டமும் இருக்கு. முடியாத இடத்தில் லாரி, பஸ். அந்த விலா எலும்பே ஒரு பஸ்ஸுக்குள் துப்பாக்கிக் கட்டை இடித்து முறிந்ததுதான். கில்கித்துக்கு விமானம். 4,173 மீட்டர் உயர பாபுசர் கணவாயில் பனிக்குள்ளே தள்ளிக்கொண்டு நடை. “முழுக்க மிதித்தேனா?” என்ற கேள்வி அவரை உறுத்தவே இல்லை. நம்ம ஆட்களுக்கோ ஒரு கிலோமீட்டர் வண்டியில் ஏறிவிட்டால் பயணமே தீட்டாகிவிடும். பின்னாளில் ஐந்து வயது மகள் ரேச்சலோடு மும்பையிலிருந்து கன்னியாகுமரி வரை வந்தபோதும் மர்ஃபி இப்படித்தான். சைக்கிள் கிடையாது. பஸ், படகு, நடை. பிடித்த ஊரான குடகுக்குத் திரும்பிப் போய் இரண்டு மாதம் தங்கினார்.

சரி, புத்தகத்தின் குறை என்ன? மக்கள் கூட்டத்தை மொத்தமாக ‘இவர்கள் இப்படி’ என்று முத்திரை குத்துவது ஒன்று. அது அந்தக் காலப் பழக்கம், விட்டுவிடலாம். திட்டம் போடுகிறவருக்கு ஆபத்தான குறை வேறு: உயரம் இதில் ஒரு பிரச்சினையாகவே வருவதில்லை. அதற்கு நிலவியல் காரணம் உண்டு. பாபுசர் ஒற்றைக் கணவாய். ஏறித் தாண்டினால் அந்தப் பக்கம் காகான் பள்ளத்தாக்கு, இறக்கம்தான். மணாலி–லே அப்படி இல்லை.

நம்ம ஊர்க்காரருக்குக் கிலோமீட்டர் பொய் சொல்லும் என்பது தெரியாததல்ல. ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய்ப் பாருங்க. மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். அதே தூரம் திரும்பி வரும்போது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். இருந்தும் மலைத் திட்டம் என்று வந்தால் எக்ஸலில் முதல் பத்தி கிலோமீட்டர்தான். மணாலி–லே ரோத்தாங் வழியாக ஏறத்தாழ 475 கி.மீ., ஒரு நாளைக்கு அறுபது, எட்டு நாள், முடிந்தது.

அந்தப் பத்தியை அழித்துவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்று எழுதிப் பாருங்க. மலை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் விதி: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூணு நாலு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். பல அட்டவணைகளில் அடுத்த ராத்திரி சர்ச்சு, சுமார் 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல். விதியைப் போல இரண்டு மடங்கு.

இதைவிட மோசம் சர்ச்சுவின் இருப்பிடம். அதற்குத் தெற்கே பாராலாச்சா கணவாய், ஏறத்தாழ 4,890 மீட்டர். வடக்கே நக்கீ லா, அதைத் தாண்டி 5,000 மீட்டருக்கும் மேலே லாச்சுலுங் லா. தலைவலி, வாந்தி முற்றினால் சிகிச்சை ஒன்றுதான்: கீழே இறங்கு. சர்ச்சுவில் கீழே இறங்கணும்னா முதலில் மேலே ஏறணும்! அடுத்த இரவு தங்கும் பாங்கும் சுமார் 4,600 மீட்டரில், லாச்சுலுங் லாவுக்கும் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லாவுக்கும் நடுவே, இதே நிலைதான். ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட் என்று எங்க தொழிலில் சொல்வோம். அங்கே சர்வர் விழும். இங்கே நுரையீரலில் நீர் கோர்க்கும், மூளை வீங்கும், ஆள் போய்விடும். நல்ல உடற்கட்டு இதற்குக் காப்பு இல்லை. வேகமாக ஏற முடிகிறவருக்கே ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவர்தான் சீக்கிரம் மேலே போய்ச் சேருகிறார்.

நம்ம பக்கத்துப் பயிற்சி ஏமாற்றுவதும் இங்கேதான். போடிமெட்டு ஏறி மூணாறு போகலாம், கல்லட்டியின் 36 வளைவு ஏறி ஊட்டி போகலாம். காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான். முடியலன்னா வண்டியைத் திருப்பினால் தானே உருண்டு கீழே வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தொடையைத் தயார்செய்யும், ரத்தத்தைத் தயார்செய்யாது.

ஆக, மர்ஃபியிடமிருந்து எதை எடுப்பது? அவர் டயரைக் கெட்டியாகத் திட்டமிட்டார், நாளைத் தளர்வாக விட்டார். நாம் நேர்தலைகீழ். திரும்பும் டிக்கெட்டைக் கெட்டியாகப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் ‘பார்த்துக்கலாம்’ என்கிறோம். அவரிடம் ஆறு மாதம் இருந்தது. ஐ.டி. வேலைக்காரனிடம் பதினைந்து நாள் லீவு. அதில் ரயிலில் டெல்லி போகவே இரண்டு நாள், மணாலிக்கு ஒரு ராத்திரி பஸ், திரும்பவும் அதே அளவு. மிஞ்சுவது ஒன்பது நாள். இந்த ஒன்பதுக்குள் விதியை அடைக்க முடியாது. அடைக்க முயலும்போது முதலில் வெட்டுப்படுவது ஓய்வு நாள்தான்.

போட்டுப் பாருங்க: மணாலியில் இரண்டு ராத்திரி. ரோத்தாங் தாண்டி கேலாங்கில் (சுமார் 3,080 மீட்டர்) இரண்டு. பிறகு தார்ச்சா, பட்சேவ், ஜிங்ஜிங்பார் என்று ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரி. அதன் பிறகே சர்ச்சு. கிலோமீட்டர் பார்த்தால் வெட்கமாக இருக்கும், சில நாள் இருபதைக்கூடத் தொடாது. பனி உருகி ஓடும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும் என்பதால், காலையிலேயே மிதித்து முடிக்கும் குட்டி நாட்கள் அதற்கும் தோதுதான். லேயிலிருந்து திரும்ப விமானம் என்றால் இரண்டு நாள் உபரி. இந்தக் கணக்குக்கு மூணு வாரம் வேணும். லீவு கிடைக்கலன்னா பாதையைச் சுருக்கலாம், ராத்திரிகளைச் சுருக்கக் கூடாது. கேலாங் வரை போய்த் திரும்புவதும் முழுப் பயணமே. மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்க, அது நாட்களுக்குப் பதில் ஆகாது.

புத்தகத்தைக் கொடுக்கலாமா என்றால், கண்டிப்பாகக் கொடுக்கலாம். ‘துணிச்சலுக்காக வாசிக்காதே மக்கா, அவர் எங்கெங்கே சைக்கிளை விட்டு இறங்கினார்னு பென்சிலால் கோடு போட்டு வாசி’ என்று சொல்லிக் கொடுக்கணும். அந்தக் கோடுகள் இல்லாமல் அவர் டெல்லி வந்திருக்க மாட்டார்.