தொன்னரம்பும் புதுவிரலும்
மாந்தே ஜெலியர் இசைமரபின் தொடர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

மரபு என்னும் சொல் ஆய்வுலகில் இருவேறு பொருளில் ஆளப்பெறுகின்றது. முன்னோர் விட்டுச்சென்றதை மாற்றமின்றிக் காத்தல் ஒன்று; முன்னோர் ஆற்றிய தொழிலைத் தம் காலத்திற்கேற்பத் தாமும் ஆற்றுதல் மற்றொன்று. முதற்பொருளையே அளவுகோலாகக் கொள்வோமாயின், இக்காலக் கலைஞருள் மரபினர் எனத்தக்கார் எவரும் எஞ்சார். இரண்டாவதை வரம்பின்றிக் கொள்வோமாயின், மரபினர் அல்லாதாரும் எவரும் இரார். இவ்விரண்டற்கும் இடையே நிற்கத்தக்க அளவுகோல் யாது என்பதை, மேற்கு ஆப்பிரிக்காவின் மாந்தே மக்களிடையே இன்றும் வாழும் ஜெலியர் இசையைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மாலி, கினி, காம்பியா, செனகல் முதலிய நாடுகளில் பரவி வாழும் மாந்தே இனத்தாருள், பிறப்புரிமையால் இசையையும் புகழுரையையும் தொழிலாகக் கொண்ட குடியினரே ஜெலியர். குயாத்தே, தியாபாத்தே, சிசோக்கோ என்பன அவர்தம் குடிப்பெயர்களுட் சில. பாணர் மரபைக் கற்றார்க்கு இவர்பால் ஆர்வம் எழுதல் இயல்பே. ஆயினும் இரு மரபிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூறுதல் ஈண்டுக் கருத்தன்று. யாழின் ஓசையை நாம் நூல்வழியே உய்த்துணர்கின்றோம். கோராவின் ஓசையையோ செவியாற் கேட்கலாம். வாய்மொழி மரபு எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கண்முன் காண இடமளித்தலே இவ்வாய்வின் பயன்.

தொன்மைச் சான்று

1352ஆம் ஆண்டில் மாலிப் பேரரசின் அவைக்குச் சென்ற பயணி இபின் பதூதா இரு செய்திகளைக் குறித்துள்ளார். ஒன்று, அரசனின் மொழிபெயர்ப்பாளன் நாணற்றுண்டுகளின் அடியிற் சிறு சுரைக்குடுக்கைகள் பொருத்திய கருவியை வாசித்தமை. இஃது இன்றைய பலாபோன் என்பர். மற்றொன்று, ஜாலி என அழைக்கப்பெற்ற புலவர் இறகுடை அணிந்து அரசன்முன் நின்று பாடிய முறை. இவ்விருக்கையில் அமர்ந்த முன்னை மன்னர் செய்த நற்செயல்களை எடுத்துரைத்து, நீயும் பின்னோர் நினைவுகூரத்தக்க நன்மை செய்க என அவர் அரசனை வேண்டினர். இவ்வழக்கம் இசுலாம் அந்நாட்டிற்கு வருமுன்னரே இருந்ததென அவரிடம் கூறப்பட்டது.

ஜெலியின் தொழில் வெறும் புகழ்ச்சியன்று என்பது இச்சான்றாற் போதரும். முன்னோர் செயலை நினைவூட்டி இருப்போரைக் கடமைக்குள் நிறுத்துதலே அத்தொழிலின் உயிர்நிலை.

கருவியும் காலமும்

இன்று ஜெலியர் இசையின் அடையாளமாகக் கருதப்பெறுவது கோரா. பெருஞ்சுரைக்குடுக்கையின் பாதியைத் தோலாற் போர்த்து, நெடுங்கோல் செருகி, 21 நரம்புகளை இரு வரிசையாக நிறுத்திய கருவி இது. இருகைப் பெருவிரல்களும் சுட்டுவிரல்களுமே நரம்பை இயக்கும். ஏனைய விரல்கள் பிடிக்கோல்களைப் பற்றியிருக்கும். மீளமீள வரும் அடிநடையைக் கும்பெங்கோ என்றும், அதனினின்று பிரிந்து விரைந்திறங்கும் தனியோட்டத்தைப் பிரிமிந்திங்கோ என்றும் வழங்குவர்.

இக்கருவி பேரரசுக் காலத்தினும் பிற்பட்டது என்றே கொள்ளவேண்டும். இபின் பதூதா இதனைக் குறித்திலர். 1799இல் வெளிவந்த முங்கோ பார்க்கின் பயணநூலில் 'கோரோ' என்னும் 18 நரம்புக் கருவி இடம்பெறுகின்றது. பின்னர் நரம்பின் எண்ணிக்கை கூடிற்று. தோல்வாரால் அமைந்த நரம்புகள் நீங்கி, மீன்பிடிக்கும் நைலான் இழை வந்தது. சுருதி கூட்டுதற்கென இருந்த தோல்வளையங்களுக்கு மாற்றாக இக்காலத்தில் கித்தாரிற் போன்ற திருகாணிகளும் அமைந்தன.

கோரா இசைஞர் துமானி தியாபாத்தே (1965–2024) தாம் 71ஆம் தலைமுறை எனக் கூறிவந்தார். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கணக்கிடினும் அஃது 1,775 ஆண்டாகும். பேரரசின் தோற்றமோ 13ஆம் நூற்றாண்டு. ஆதலின் இவ்வெண்ணைக் கோராவின் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. குடிவழியை எண்ணிச் சொல்லுதலே ஜெலியின் தொழிலாதலின், அதனை அத்தொழிலின் ஓர் உறுப்பாகக் கொள்வதே தக்கது. தொன்மையின் சின்னமாகிய கருவியே ஒருகாலத்துப் புதுமை எனின், புதுமை புகுந்தமை ஒன்றையே கொண்டு மரபு முறிந்ததெனல் யாங்ஙனம்?

தந்தையரும் மைந்தரும்

மாலி 1960இல் விடுதலை பெற்றபின், அரசவையும் செல்வர் மனையும் புரந்த இசையைப் புதிய அரசு தேசிய இசைக்குழு அமைத்துப் புரந்தது. அக்குழுவிற் புகழ்பெற்ற கோரா இசைஞர் சிதிக்கி தியாபாத்தேயும் ஜெலிமாடி சிசோக்கோவும் ஆவர். இவர்கள் பிறரோடு சேர்ந்து வாசித்த 'தொன்னரம்புகள்' என்னும் பொருள்தரும் இசைத்தட்டு 1970இல் எழுந்தது. பாட்டின்றிக் கோராவின் ஓசை மட்டுமே அமைந்த முதல் இசைத்தட்டு என இது கருதப்படுகின்றது. பாடுவோர்க்குத் துணையாக நின்ற கருவி தனித்து முன்வந்தது இங்கேதான். எனவே, மைந்தர்மேற் சுமத்தப்பெறும் 'சொல்லை விட்டனர்' என்னும் குற்றச்சாட்டு, உண்மையில் தந்தையரிடமிருந்தே தொடங்கற்பாலது.

அவ்விருவர் மைந்தரே துமானியும் பல்லாக்கே சிசோக்கோவும். தந்தை மறைந்தபின் இளமையிலேயே தேசியக் குழுவில் அவரிடத்தை ஏற்றவர் பல்லாக்கே. துமானியோ தந்தையிடம் முறையாகப் பாடங் கேளாது, கேள்வியாற் கற்றவர். 1988இல் வெளிவந்த 'கைரா'வில் துமானி பிற கருவியின்றி, அடிநடை, மெட்டு, தனியோட்டம் மூன்றையும் ஒருவராகவே நிகழ்த்தினார். பலர் பகிர்ந்து செய்த தொழில் நான்கு விரல்களுள் அடங்கிற்று. இது திறத்தின் பெருக்கம் எனலாமேயன்றி முறையின் மாற்றம் எனல் இயலாது. கும்பெங்கோவும் பிரிமிந்திங்கோவும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன.

1997இல் இவ்விருவரும் பமாகோ நகரில் இணைந்து வாசித்து, 1999இல் வெளிவந்த தொகுதியின் பெயர் 'புதிய தொன்னரம்புகள்'. தந்தையர் தட்டிற்கு மைந்தர் அளித்த மறுமொழி என இதனைக் கொள்ளலாம். இதில் 'பி லம்பாம்' என ஓர் இசை உண்டு. லம்பாம் என்பது ஜெலியர் தம்மையே கொண்டாடும் பழைய இசை. 'பி' என்னும் சொற்கு 'இன்று' என்பது பொருள். பழைய இசையைத் தமதெனப் புதுப்பெயரிட்டு மறைக்காமலும், பழையதே இது என நடியாமலும், 'இன்றைய லம்பாம்' எனச் சுட்டிய நேர்மை பாராட்டற்குரியது. வாசிப்பு முறையிலும் இந்நேர்மை புலனாகும். ஒருவர் அடிநடையைத் தாங்க மற்றவர் விலகி ஓடுதலும், பின் அவர் தாங்க இவர் ஓடுதலும் ஆக, இரு கோராவும் இடம் மாறிக்கொண்டே செல்கின்றன. யார் எப்போது மாறினார் எனக் கேட்போர் பிரித்தறிதல் அரிது. தம் திறத்தைக் காட்டும் வேட்கையினும் மற்றவர்க்குத் தாங்கலாக நிற்கும் முறைமை அதில் ஓங்கி நிற்கின்றது.

சொல்லற்ற கடமை

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. நினைவூட்டுதலே ஜெலியின் கடமை எனின், சொல் இல்லாத இசை எதனை நினைவூட்டும்?

துமானி தம் மகன் சிதிக்கியுடன் 2014இல் வெளியிட்ட தொகுதியில் ஓர் இசைக்கு 'லம்பெதூசா' எனப் பெயர். 2013 அக்டோபரில் அத்தீவின் அருகே கப்பல் மூழ்கி, ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா நோக்கிச் சென்றோர் 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மன்னர்க்குரிய நினைவுகூரலைப் பெயரறியா எளியோர்க்கு அளித்த இச்செயல் உயர்ந்தது. ஆயின் ஒன்று கூறியாதல் வேண்டும். தலைப்பை நீக்கிக் கேட்பார்க்கு இரக்கம் தோன்றுமேயன்றி, இறந்தோர் யாவர் என்பது தோன்றாது. நினைவின் சுமை முழுதும் தலைப்பின்மேல் நிற்கின்றது. சொல்லைத் துறந்த இசை இழந்தது இதுவே.

இவ்விழப்பை ஈடுசெய்யும் வழியைப் பாசெக்கு குயாத்தே காட்டுகின்றார். அவர் கருவி இங்கோனி. கோராவினும் தொன்மை உடையது. அமர்ந்து வாசிக்கும் வழக்கை மாற்றி வாரிட்டு நின்று வாசித்தும், பல அளவு இங்கோனிகளை ஒருங்கிணைத்துக் குழுவாக்கியும் அவர் செய்த புதுமைகள் துமானியினும் மிகுதி. ஆயினும் அவர் மனைவி அமி சாக்கோவின் பாட்டால் சொல் நிலைபெற்றது. 2012இல் மாலியில் ஆட்சிக் கவிழ்ப்பு நேர்ந்த நாட்களில் பதிவாகி 2013இல் வெளிவந்த 'ஜமா கோ' தொகுதியில், கட்டாய மதமாற்றத்தை எதிர்த்து நின்ற பமனா மன்னன் ஒருவனைப் பற்றிய பாட்டு உளது. வடமாலியில் ஆயுதக் குழுவினர் இசையையே தடை செய்திருந்த காலம் அது. முன்னை மன்னன் செயலைக் கூறி இருப்போர்க்கு வழிகாட்டும் இம்முறை, இபின் பதூதா கண்ட முறையேயன்றி வேறன்று. புறத்தே மிகுதியும் மாறியவர் அகத்தே மிகுதியும் பழமையுடையராய் நிற்றல் நோக்கத்தக்கது.

காம்பியக் குடிவழியினராய் இலண்டனிற் பிறந்த சோனா ஜோபார்த்தே எழுப்பும் வினா வேறு. ஜெலிக் குடியிற் பெண்டிர் பாடுவர். கோரா ஆடவர்க்கே உரியது என்பது வழக்கு. அவரோ புகழ்பெற்ற கோரா ஆசான் அமது பன்சாங் ஜோபார்த்தேயின் பெயர்த்தி. பாடுதலையும் கோரா வாசித்தலையும் ஒருங்கே மேற்கொண்டு 2011இல் 'பாசியா'வை வெளியிட்டார். குடிமரபு என்பது அச்சொல்லின் பொருள். விலக்கை மீறியவர் குடியுரிமையையே தம் சான்றாகக் காட்டினார். வழக்கின் ஒரு விதியை அதே வழக்கின் மற்றொரு விதி வென்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று நிலைகளைப் பிரித்துணரலாம். கருவியின் உறுப்பும் வாசிப்போரின் இருப்பும் பாலும் மாறத்தக்கன, மாறியும் வந்துள்ளன. அடிநடைக்கும் தனியோட்டத்திற்கும் உள்ள உறவு மிக மெல்லவே மாறுவது. நினைவூட்டும் கடமை ஒன்றே மாறின் மரபு மாறியதாகும். இவ்வளவுகோலால் நோக்கின், கலைநயத்தில் 'புதிய தொன்னரம்புகள்' தலைமை பெறும். தொழிற்கடமையில் 'ஜமா கோ' அதனினும் மேம்படும். துமானி மறைந்தபின் அவர் மகன் தலைமுறையினர் கோராவையும் இக்கால நகர இசையையும் ஒருங்கே கையாள்கின்றனர். அவர்தம் இசையை மதிப்பிடப் புகுவார், பழைய மெட்டு உளதா எனத் தேடுதலினும், அது யாரை யார்க்கு நினைவூட்டுகின்றது என வினவுதலே தக்க நெறியாகும்.